உள்ளே: யாரும் இல்லை

திரையில் ‘உள்ளே: யாரும் இல்லை’ என்றிருந்தது. ஆனால் பழைய டயர்களை அரைக்கும் இயந்திரத்துக்குள் இறங்கி பிளேடு மாற்றப்போவதாக, அங்கே பிட்டர் வேலை பார்க்கும் தம்பி பத்து நிமிடத்துக்கு முன்புதான் அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

மாடியில் அவளுடைய அறை, கீழே இயந்திரக் கூடம். சூடான ரப்பர் வாடையும், எங்கோ எண்ணெய் சொட்டும் சத்தமும், கரி படிந்த ஜன்னல் கண்ணாடி வழியே கலங்கலாக விழும் மதிய வெயிலும் அவளுக்குப் பழகிப்போனவை. இயந்திரம் நின்றிருக்கும்போது வரும் இந்த அமைதிதான் என்றைக்குமே பிடிக்காது. முன்பெல்லாம் உள்ளே போகிறவன் இயந்திரத்தின் சாவியைக் கையோடு எடுத்துப்போவான். சாவி தொலைகிறது என்று மேனேஜர் குதித்ததில், அட்டையைத் தேய்த்தால் உள்ளே இருப்பவரின் வேலைப் பெயர் திரையில் வரும்படி அவள்தான் செய்துகொடுத்தாள். பெயரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பது அவளே எழுதிய டேக் என்ற குட்டி நிரல். அது லோடு ஆகாவிட்டால் சிவப்பில் பிழை காட்ட வேண்டாம், ‘யாரும் இல்லை’ என்றே காட்டட்டும் என்று சொன்னவரும் அந்தப் புண்ணியவான்தான். வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம். முடியாது என்று சொல்ல வாய் வராமல் அவளும் தலையாட்டியிருந்தாள்.

கீழே ஆபரேட்டருக்கு போன் செய்தாள். ஊரே மீசை என்று கூப்பிடும் மனிதர்.

“அண்ணே, போர்டை நம்பாதீங்க. தம்பி உள்ள இருக்கான்.”

“அப்படியா? காலின்னு காட்டுதேம்மா! நல்லவேளை சொன்ன. நீ சொல்ற வரைக்கும் பட்டன் பக்கமே போகமாட்டேன்.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தாள். டேக் லோடு ஆகவில்லை என்றது. எழுத்துப் பிழை இல்லை. செட்டிங்கிலும் எல்லாம் சரி. அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு போல்டரைப் பார்த்தவளுக்குச் சீ என்றாகிவிட்டது. காலையில் குப்பை என்று நினைத்து அவளே அழித்த காலிக் கோப்புதான் காரணம். உள்ளே ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆனால் அது இருந்தால்தான் அந்த போல்டரை சர்வர் ஏறெடுத்துப் பார்க்கும். திரும்ப வைத்து ரீஸ்டார்ட் செய்தாள். ‘உள்ளே: பிட்டர்’ என்று வந்தது.

“சரியாயிடுச்சுண்ணே. பிட்டர்னு வருதா?”

“வருது, வருது.”

“இனிமே அதையே நம்பலாம்.”

“கெட்டிக்காரிம்மா நீ!”

முகம் கழுவிவிட்டு வந்து, சும்மா ஒருதரம் பக்கத்தைப் புதுப்பித்தாள். ‘யாரும் இல்லை.’ வேலை முடித்து வெளியே வந்துவிட்டான் போல. என்னவோ தோன்றி மறுபடி புதுப்பித்தாள். ‘பிட்டர்.’

மறுபடி. ‘யாரும் இல்லை.’

லாகை மறுபடி திறந்தாள். சர்வரில் ஒரே நிரலின் இரண்டு பிரதிகள் ஓடுகின்றன. அவள் ரீஸ்டார்ட் செய்தது ஒன்றை மட்டும். மற்றது இன்னும் டேக் இல்லாமலே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கீழே இருக்கும் திரை நிமிடத்துக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும்.

போன் செய்தாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

மேஜையில் பேனா உருண்டது. பிறகு தரை அதிர்ந்தது.

ஓடினாள். படி. மறுபடி படி. கால் இடறி முழங்கால் கிழிந்தது. எழுந்தாள். கீழே இயந்திரம் கடித்தது. அலறல். “அக்...” எலும்பு நொறுங்கியது. அலறல் பாதியில் அறுந்தது. இரும்புப் பற்கள் நிற்கவில்லை.

சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

“வெளிய வந்துட்டான்னு காட்டுச்சேம்மா...” மீசை சுவரோடு சரிந்தார். “காட்டுச்சேம்மா...”

நிற்பதற்கு முன், அரைத்ததை வெளியே கொண்டுவரும் பெல்ட் இரண்டடி நகர்ந்தது. கறுப்புத் துகள்கள் வந்தன. பிறகு சிவப்புத் துகள்கள். பிறகு தம்பியின் வலது கை, முழங்கை வரைக்கும். அதன் பின்னாலேயே இடது கை.

பெல்ட் நின்றது. கூடம் அடங்கியது.

மூடிய இரும்புக்குள்ளிருந்து, விரல் முட்டியால் தட்டும் சத்தம் கேட்டது. டொக். டொக். டொக். கதவைத் திறக்கச் சொல்லி, நிதானமாக.