வாடகைப் பல்

சாப்பிடப் போவதற்கு முன்பு பரஞ்சோதியும் அரசியும் பல் வாடகைக்கு எடுக்கப் போனார்கள்.

செவ்வாய்க் கிரகத்தில் பிறந்த அவர்களைப் போன்ற யாருக்கும் பல் கிடையாது. இடுப்பில் ஒட்டியிருக்கும் ஊட்டப்பட்டை உடம்புக்கு வேண்டியதை நேராக ரத்தத்தில் சேர்த்துவிடும். பேச்சு குழறாமல் இருக்க ஈறில் ஒரு வழவழப்பான தகடு போதும். மூன்று தலைமுறையாக அங்கே யாரும் எதையும் மென்றதில்லை. இரைப்பை என்ற ஒன்று உள்ளே இருக்கிறது என்பதைக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள்.

"இந்த செட்டு ரொம்ப ராசியானது சார்," என்றான் சென்னைப் பல் கடைக்காரன். "கடை தொறந்த நாள்லேர்ந்து ஓடுது. ஒரு கீறல் இருக்கா பாருங்க!"

பரஞ்சோதி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உண்மையிலேயே ஒரு கீறல்கூட இல்லை. நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டு வாயில் மாட்டிக்கொண்டார்.

அவர்கள் போகவேண்டிய இடம் 'ஒரிஜினல் கையேந்தி பவன்'. ஒரு காலத்தில் தெருவோரம் நின்று, தட்டைக் கையில் ஏந்திச் சாப்பிடுவார்கள், அதனால் அந்தப் பெயர். இப்போது அதற்கு இரண்டு வருடம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். ஒரு தட்டு கொத்து பரோட்டாவுக்கு அவர்கள் கேட்கும் விலையில் செவ்வாயில் ஒரு குடும்பம் வருடம் முழுக்க மூச்சு விடலாம்.

செலவுகூடப் பரவாயில்லை. பரஞ்சோதிக்குப் பயமே வேறு விதத்தில் இருந்தது. பூமிச் சாப்பாடு என்றால் கிருமி. அன்று மாலை ஊர் திரும்பும் கப்பலில் ஏறுவதற்கு முன் 'வடிகட்டு வாசல்' என்ற ஒன்றைக் கடக்க வேண்டும். வயிற்றில் ஒரே ஒரு கிருமி இருந்தாலும் கதவு திறக்காது. அடுத்த கப்பல் இரண்டு வருடம் கழித்து, செவ்வாய் மறுபடி பூமிக்குப் பக்கத்தில் வரும்போதுதான். ஏழு வயது மகள் தேன்மதியைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்த வயதுக் குழந்தைகளைப் பூமியின் ஈர்ப்பு விசைக்கு அனுப்ப மாட்டார்கள்.

இவ்வளவு பயம் இருந்தால் போகாமல் இருக்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்குச் சகலை என்று ஒருவர் இல்லை என்று அர்த்தம்.

அரசியின் அக்கா கணவர் கதிர்வேலு போன தடவை போய்விட்டு வந்துவிட்டார். கையில் தட்டோடு அவர் நிற்கும் படம் அவர் வீட்டுக் கூடத்தில் சுவர் அகலத்துக்குத் தொங்குகிறது. யார் போய் எப்படி இருந்தது என்று கேட்டாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்ல வார்த்தையே இல்ல" என்பார். அவர் மட்டுமில்லை, அங்கே போய்விட்டு வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

வாடகை வண்டியில் போகும்போது அரசி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, ரெண்டு பேரும் சாப்பிட வேணாம். பாப்பாவுக்கு ஒருத்தராவது வேணும்."

"அப்ப நான் சாப்பிடுறேன். நீ சும்மா பாவனை பண்ணு."

"நீங்களும் பாவனையே பண்ணுங்களேன்."

"சகலை சாப்பிட்டிருக்காரு அரசி!" என்றார் பரஞ்சோதி.

கண்ணாடிக் கூரைக்கு அடியில் ஒரு தெருவையே கட்டி வைத்திருந்தார்கள். ஊதுகுழல்கள் புழுதி கிளப்பின. சாக்கடை வாடை ஒரு தனிக் குழாயில் வந்தது. ஈக்கள் மொய்த்தன. இயந்திர ஈயா, நிஜ ஈயா என்று தெரியாமல் பரஞ்சோதி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் யாரோ இரும்புக் கல்லில் டங் டங்கென்று கொத்தினார்கள். ஒவ்வொரு கொத்தும் அவர் வயிற்றில் விழுந்தது.

லுங்கியை மடித்துக் கட்டியிருந்த முதலாளி ஜம்புலிங்கம் தானே தட்டைக் கொண்டுவந்து வைத்தார். பழுப்பாக, பளபளப்பாக, படத்தில் இருந்தது மாதிரியே இருந்தது. சுற்றிலும் நின்றவர்கள் தட்டைத் தூக்கிப் பிடித்து, வாயைத் திறந்து, படப்பொறி மிதந்து வந்து எடுக்கும்வரை அசையாமல் நின்றார்கள். "சொல்ல வார்த்தையே இல்ல!" என்ற குரல் நாலாபக்கமும் கேட்டது.

படம் எடுத்து முடிந்ததும் அரசி தன் பரோட்டாவை எங்கே ஒளிப்பது என்று மேசைப் பலகைக்கு அடியில் தடவினாள். அங்கே ஒரு ஓட்டை இருந்தது. அதன் விளிம்பு கை பட்டுப் பட்டுத் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு எல்லாவற்றையும் உள்ளே தள்ளினாள். இத்தனை நேர்மையானவர்கள் நடுவில் தான் ஒருத்தி மட்டும் ஏமாற்றுகிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பரஞ்சோதி ஒரு துண்டை எடுத்தார். மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. பிறகு சகலையின் முகம் வந்தது. வாயில் போட்டுக்கொண்டார்.

அது கடிபடவில்லை. பலத்தைக் கூட்டிக் கடித்தபோது 'நறுக்' என்று ஒரு சத்தம். மெழுகு போல வழுக்கியது, பிறகு நாக்கு முழுக்க எரிந்தது. ஓடிவிடலாம் போல இருந்தது. தொண்டைக்கு விழுங்கும் வேலை சுத்தமாக மறந்துபோயிருந்தது. கண்ணீர் வழிய வழிய, கழுத்தை நீட்டி நீட்டி அதை இறக்கினார்.

நிமிர்ந்து பார்த்தால் தெருவே அமைதியாக இருந்தது. கல்லில் கொத்தும் சத்தம்கூட நின்றுவிட்டது. தட்டும் கையுமாக எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசைப் பெண்மணி ஐந்தாறு அடி பின்னால் நகர்ந்தாள்.

ஜம்புலிங்கம் ஓடி வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சார்... முழுங்கிட்டீங்களா?"

"ஆமா. ஏன்?"

"ஐயோ, அத யாரு சார் முழுங்குவாங்க? எங்க அப்பா காலத்துலேர்ந்து கடை நடக்குது, ஒருத்தர் முழுங்கினதில்லையே!" "படம் புடிப்பாங்க, ஓட்டையில போட்டுருவாங்க. கீழ விழுந்தத எடுத்து மறுபடி தட்டுல வெப்போம். அதே பரோட்டாதான் சார், நாள்பட்ட பரோட்டா. கல்லுல சும்மா வெறுங்கல்லத்தான் கொத்துறோம்."

"மத்தவங்க எச்சிலா?" என்று அலறினாள் அரசி.

"சேச்சே, எச்சில் இல்லம்மா. அதுக்கு நான் கேரண்டி. யாரும் வாயிலயே வெக்கலையே!"

மருத்துவரிடம் போனால் அவர் வாசல்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிடுவார். வாந்தி எடுக்கப் பார்த்தார்கள், எப்படி எடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பல் கடைக்காரன் அவர் கழற்றிக் கொடுத்த பல்லைப் பார்த்துவிட்டுத் தொடவே மறுத்தான். முன்பல் ஒன்று உடைந்திருந்தது, இடுக்கில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "இத நீங்களே வெச்சுக்குங்க சார்" என்று கதவைச் சாத்தினான்.

வடிகட்டு வாசலில் முதலில் அரசி போனாள். பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். பரஞ்சோதி அதே இடத்தில் இந்தப் பக்கம் தன் கையை வைத்துவிட்டு, உள்ளே நுழைந்தார். விளக்கு சிவந்தது. கண்ணாடிக்கு அப்பால் அரசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வயிற்றில் அந்நியப் பொருள்," என்றது வாசல். "உள்ளடக்கம்: மெழுகு, பசை, சுவர் வண்ணம். உணவு இல்லை. கிருமி இல்லை. நினைவுப் பொருளாக எடுத்துச் செல்கிறீர்களா?"

"ஆமா," என்றார் பரஞ்சோதி, அழுதுகொண்டே. கதவு திறந்தது.

ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் சகலை வீட்டுக் கூடத்தில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். பரஞ்சோதியின் படமும் சுவரில் ஏறியது. உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று கப்பலிலேயே அவர் முடிவு செய்திருந்தார். இனி ஒருத்தரும் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அதற்குள் தேன்மதி பெட்டியைக் குடைந்து பல்லை எடுத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, பல்லு உடைஞ்சிருக்கு. நடுவுல என்னமோ ஒட்டியிருக்கு."

போய்விட்டு வந்திருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அப்படியே சற்றுப் பின்வாங்கினார்கள், கடையில் அந்தப் பக்கத்து மேசைப் பெண்மணி நகர்ந்தது போலவே. கதிர்வேலுவின் வாயிலிருந்து அவரையும் அறியாமல் வந்துவிட்டது:

"ஐயய்யோ, நிஜமாவே சாப்பிட்டீங்களா?"

சகலையின் நெற்றியில் வியர்வை பொடித்தது. சொல்ல வேண்டிய நேரம் இதுதான். ஆனால் எல்லாக் கண்களும் தன் மேல் இருப்பதைப் பார்த்தபோது, வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தபோதுகூட வராத ஒரு பயம் பரஞ்சோதிக்கு வந்தது. இந்த ஊரிலேயே அதைச் சாப்பிட்ட ஒரே முட்டாள் என்று காலத்துக்கும் சொல்வார்களே!

"என்ன சகலை இப்படிக் கேக்குறீங்க? நீங்க சாப்பிட்ட மாதிரிதான் நானும் சாப்பிட்டேன்," என்றார். "பல்லு கடையிலயே அப்படித்தான் இருந்துச்சு."

எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். சகலை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"சொல்ல வார்த்தையே இல்ல."

அரசி அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

தேன்மதி இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்பாவின் மடியில் வந்து உட்கார்ந்தாள். "நான் பெரியவளானதும் நானும் போவேன். உங்கள மாதிரியே ஒரு தட்டு முழுக்கச் சாப்பிடுவேன்ப்பா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"கண்டிப்பா போலாம் கண்ணு," என்றார்.