மண்சுவருக்கு அந்தப் பக்கம்

சங்கரன்கோவிலுக்கு வெளியே, கரிவலம்வந்தநல்லூர் சாலையில் இருந்த டூரிங் கொட்டகைக்குக் கைலாசம் வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவான அவர் அதற்கு முன் ஒரு சினிமாகூடப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அவர் மனைவி பகவதிதான்.

கூட்டம் அலைமோதும் படங்களை அவள் சட்டை செய்யமாட்டாள். மூன்றே நாளில் தூக்கிவிடுகிற படங்களைத்தான் பக்கத்து வீட்டுப் பெண்களோடு தேடிப் போவாள். திரும்பி வந்து, அவருக்குச் சோறு போட்டபடியே கதை சொல்லுவாள். போன வருஷம் ஒரு தோணிக்காரன் கதையைச் சொன்னாள். கடலில் காணாமல் போனவன் அவன். கரையில் காத்திருக்கிறாள் பெண்டாட்டி.

"பாட்டு கம்மி. சண்டையே கிடையாது. ஆனா நீங்க அவசியம் பாக்கணும். முடிவை மட்டும் சொல்ல மாட்டேன்."

"ஆபீஸ் ஜோலி தலைக்கு மேல கிடக்குட்டி. இன்னொரு தடவை வந்தா பாப்போம்."

அந்த இன்னொரு தடவைக்கு அவள் இல்லை. நிறைமாதத்தில் வலி கண்டு, இரண்டு நாள் துடித்து, வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டாள்.

இப்போது அதே படம் திரும்ப வந்திருந்தது.

கொட்டகையில் பத்துப் பேர்கூட இல்லை. பெண்கள் பக்கத்தைப் பிரிக்கும் இடுப்பளவு மண்சுவரில் சாய்ந்து, மணலில் உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. பீடிப் புகையும் நனைந்த கீற்றின் வாடையுமாக இருட்டு கனத்துக் கிடந்தது. பின்னால் மிஷின் கடகடவென்று ஓடியது.

படம் முடியப்போகும் நேரத்தில் மெல்ல இன்னொரு வாடை வந்தது. அவள் பிள்ளைப்பேற்றுக்குக் கிடந்த அறையில் அடித்த சாம்பிராணி வாடை.

சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் அசைந்தது.

"இப்ப அவ விளக்கைத் தூக்கிட்டு வருவா, பாருங்க."

திரையில் அந்தப் பெண் விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கைலாசம் மணலில் கையை ஊன்றிக்கொண்டார். திரும்பத் தைரியம் இல்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பகவதி..."

"பேசாதீங்க. முடிவு வருது."

தோணி கரைக்கு வந்தது. தோணிக்காரன் இறங்கினான். ஓடிவந்த மனைவியின் இடுப்பில், அவன் பார்த்தேயிராத குழந்தை. அவன் அதைக் கைநீட்டி வாங்கினான்.

துண்டை வாயில் திணித்துக்கொண்டு கைலாசம் அழுதார்.

விளக்கு போட்டார்கள். எழுந்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கும் மாரித்தாய் மட்டும் நின்றாள்.

"இங்கன இருந்த பொம்பளை போயிட்டாளா?"

"இன்னைக்குப் பொம்பளையாளு ஒருத்தரும் வரலையே அண்ணாச்சி. நான் நிரவி விட்ட மணல் அப்படியே கிடக்கு."

அவர் குனிந்து பார்த்தார். சுவரையொட்டி, ஒருத்தி சாய்ந்து உட்கார்ந்த பள்ளம் இருந்தது. பக்கத்தில் விரலகலத்துக்கு இரண்டு சின்னக் குழிகள், படுக்கப் போட்ட கைக்குழந்தை காலை உதைத்ததுபோல.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு குழியிலிருந்து மணல் மெல்லச் சிதறியது.