அன்னத்தாய்க்கு வரைந்த கண்கள்

முப்பத்தாறாம் வருஷம் கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம். ராஜபாளையத்திலிருந்து வந்த ரயிலில், ஜின்னிங் பாக்டரி குமாஸ்தா பால்துரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்கினார். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு படம். செத்துப்போன மனைவி அன்னத்தாயின் படம். அதைக் குடையை இடுக்குவதுபோலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அவள் போய் இருபது நாளாகியும் அவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மனசு மரத்துப் போயிருந்தது.

அவரிடம் ஒரு பெட்டி கேமரா உண்டு. பாக்டரியை விட்டுச் சீமைக்குப் போன இன்ஜினியர் கொடுத்துவிட்டுப் போனது. அது கைக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் போதும், மனுஷன் தெருத்தெருவாக அலைவார். கிணற்றடியில் ஒழுகும் வாளி, மம்சாபுரம் சாலையில் மாட்டுக்கு லாடம் அடிப்பவன், மாடியில் காயும் வத்தல். நாற்பது வருஷமாகக் கண்டதையெல்லாம் அன்றைக்குத்தான் காண்பதுபோல அதன் வழியே பார்த்தார். வீட்டுக்குள் இருந்தவளைத்தான் பார்க்கவில்லை. என்னையும் ஒண்ணு எடுங்களேன் என்று அவள் கேட்டபோதெல்லாம், பொறவு எடுப்போம் என்றார். மூன்று நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். பிணத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து ஒரு படம் எடுத்தார். இருந்த ஒரே படம் அதுதான்.

இப்படி எடுத்த படத்தில் மூடிய கண்களைத் தூரிகையால் திறந்து வரைந்துவிடுவது அப்போது வழக்கம். படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் அதையும் செய்து தருவதாகச் சொன்னார். கேமரா வைத்திருக்கிறவனுக்கு ஒரு கர்வம் இருக்கும் அல்லவா? நானே போட்டுக்கொள்கிறேன் என்று பால்துரை வாங்கி வந்துவிட்டார்.

வரைய உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பதினோரு வருஷம் கூட வாழ்ந்தவளின் கண் எப்படி இருக்கும் என்று அவருக்கு நினைவில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மைத்துனி ஜெயக்கொடிதான் வழி சொன்னாள்.

"செல்லத்தாய்க்கு அப்படியே அக்கா கண்ணு, அத்தான். அவளப் பாத்து வரைங்க."

ஏழு வயது மகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, இமைக்கக் கூடாது என்று சொல்லி, அவள் கண்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். நீர் வடிய வடிய அவளும் இமைக்காமல் இருந்தாள். கடைசியில் கருமணியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தார். படத்தில் அன்னத்தாய் விழித்துக்கொண்டாள். அவ்வளவு பொருத்தம். ஜெயக்கொடி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த ஞாயிறு, வாசலில் மகளை நிறுத்திப் படம் எடுத்தார். ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கிய சமையலறையில், மருந்துத் தண்ணீரிலிருந்து அந்தப் படம் மெல்ல எழுந்து வந்தது. செல்லத்தாயின் கண்கள் மூடியிருந்தன. இமைத்திருப்பாள், கழுதை, என்று நினைத்துக்கொண்டு மறுபடி எடுத்தார். அப்போதும் மூடியிருந்தன. ஒரு சுருள் முழுக்க எடுத்தார். எட்டுப் படம். பக்கத்தில் நின்ற ஜெயக்கொடி எட்டிலும் விழித்திருந்தாள். பிள்ளை எட்டிலும் தூங்கினாள்.

மருந்து நெடிக்குள்ளே பன்னீர் வாசம் வந்தது. பிணத்தின்மேல் தெளித்த பன்னீர்.

அந்த வாரமே பிள்ளை நிலைப்படியில் முட்டிக்கொண்டாள். சோற்றுத் தட்டு முன்னால் இருக்க, தரையைத் துழாவினாள். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லையே என்றார். அதைக் கேட்டும் பால்துரைக்குப் பதறவில்லை. பதறாத தன்னை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

"ஏட்டி, என்ன தெரியுது ஒனக்கு?"

"ஒண்ணுந் தெரியலப்பா. அம்மா என்னப் பாக்கா. அது மட்டுந் தெரியுது."

அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். நேராகப் பார்ப்பதுபோலத்தான் அந்தக் கண்களை வரைந்திருந்தார்.

அவை இப்போது பிள்ளை இருந்த பக்கம் திரும்பியிருந்தன.

செய்யவேண்டியது என்னவென்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் தள்ளிப்போட்டார். அந்த முகத்தையும் கெடுத்துவிட்டால் அவளுக்கென்று என்ன மிஞ்சும்? மூன்றாம் நாள் பிள்ளை கிணற்றடிக்குத் தடுமாறிப் போனதைப் பார்த்ததும் பிளேடை எடுத்தார். சாயத்தோடு காகிதமும் உரிந்து வந்தது. இரண்டு வெள்ளைப் பள்ளங்கள் விழுந்தன.

உள்ளறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

ஜெயக்கொடி அன்று வீட்டில் இல்லை. வத்திராயிருப்புக்குப் போயிருந்தாள்.

"அப்பா, ஒங்க சட்டையில ஒரு பித்தானக் காணோம்" என்றாள் செல்லத்தாய்.

அப்பாடா என்றிருந்தது. பிள்ளையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுகை மட்டும் வரவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஆட்கள் போன பிறகு, நல்ல உச்சிவெயிலில், அப்பாவும் மகளும் சாப்பிட உட்கார்ந்தார்கள். செல்லத்தாய் வாய்க்குக் கொண்டுபோன சோற்றைத் தட்டில் வைத்தாள். ஓசைப்படாமல் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"மெதுவாப் பேசுங்கப்பா. அம்மா வாரா."

"எங்க?"

"சுவத்தத் தடவித் தடவி வாரா. அவளுக்குக் கண்ணு தெரியல. என்னத் தேடுதா."

பால்துரை சுவரைப் பார்த்தார். வாசலிலிருந்து, கையெட்டும் உயரத்தில், ஈரச் சுண்ணாம்பு நான்கு கோடுகளாக வழிக்கப்பட்டு வந்தது. அவர் பார்க்கப் பார்க்கக் கோடுகள் நீண்டன. மூலையில் நின்றன.

பன்னீர் வாசம் பக்கத்தில் வந்தது.

குளிர்ந்த விரல்கள் அவர் முகத்தைத் தொட்டன. நெற்றி, இமை, மூக்கு, மீசை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தன. அது அவள் கைதான். சந்தேகமே இல்லை. மரத்துக் கிடந்த மனசு அப்போதுதான் உடைந்தது. அன்னம், நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார்.

விரல்கள் அவரிடம் நிற்கவில்லை.

செல்லத்தாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்தி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவளுடைய நீலச் சட்டையின் தோளில், ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து வெள்ளை விரல்கள் பதிந்தன.