அடித்து வைத்த நம்பர்

ஷெட் மூலையில் கழற்றிப் போட்ட இன்ஜின் சூடாக இருந்தது. தார்ப்பாயை இழுத்து மூடப்போன மெக்கானிக் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். உள்ளே பிஸ்டன் இல்லை, கிராங்க் இல்லை, ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. வெறும் இரும்புக் கூடு. மழை ஊறித் தரையெல்லாம் சில்லிட்டுக் கிடந்த அந்தச் சாயங்காலத்தில், அது மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிக் கொதித்தது.

எவனோ விளையாடுகிறான் என்று ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். யாரையும் நம்பாத மனுஷர். இப்போது தன்னையே நம்பப் பிடிக்கவில்லை.

வாசலில் காரின் சொந்தக்காரி குடையை மடக்கினாள். அவர் அவசரமாகத் தார்ப்பாயை இழுத்து மூடினார். புருஷன் செத்துப்போன பிறகு அவள் கேட்டது ஒன்றுதான்: அவர் தன் கையாலேயே பிரித்துச் சேர்த்து ஓட்டிய இன்ஜினைத்தான் சரிசெய்ய வேண்டும், வேறு எதையும் வைக்கக் கூடாது. மெக்கானிக்கும் தலையாட்டியிருந்தார். பிரித்தபோதுதான் வேலையின் நீளம் தெரிந்தது, இடுப்பு ஒத்துழைக்கவில்லை. கம்பெனியிலிருந்து பெட்டியோடு வந்த மாற்று இன்ஜினைக் காரில் இறக்கினார். அதன் நம்பரை அரத்தால் ராவிவிட்டு, பழைய நம்பரைச் சுத்தியலால் அடித்து வைத்தார்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? வண்டிய நான் ஓட்டப்போறேன்னு பயமா?"

அவர் காருக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். புது இன்ஜின் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவள் பானெட்டில் காதை வைத்தாள்.

"இது அவரோடதுதானாண்ணே?"

"நம்பரைப் பாரு தங்கச்சி."

பானெட்டைத் திறந்து, நம்பரை விரலால் தடவினாள். "நீங்க சொன்னா சரிதான். உங்களைத் தவிர யாரையும் அவரு இந்த வண்டியத் தொட விட்டதில்ல."

அவருக்குக் காது மடல் எரிந்தது. குனிந்தபடியே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

மூலையிலிருந்து வந்தது. கரகரவென்று, நடுநடுவே ஒரு அடியை விழுங்கிவிட்டு ஓடும் பழைய சத்தம். கருகிய ஆயில் நெடி. தார்ப்பாய் ஏறியது. இறங்கியது.

அவள் முகம் மலர்ந்தது. "அதானே பார்த்தேன். அங்கதான் இருக்காரு."

போகாதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள்.

தார்ப்பாயை விலக்கினாள். சிலிண்டர் துளை ஒன்றில் கையை விட்டாள்.

"கையப் பிடிச்சுக்கிட்டாருண்ணே."

மணிக்கட்டு இறங்கியது. முழங்கை. தோள்.

ஒரு சாண் ஆழத் துளை. கீழே சிமென்ட் தரை. அவள் கன்னம் இரும்பில் அழுந்தியிருந்தது. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.