ஊசிப்புல்லுக்கு ஈரம் போதும்

யாரோ துணி பிழிவதுபோல ஒரு சத்தம். குளியலறையில் யாருமில்லை; மனைவி தையல் ஆலையில் மாலை ஷிப்டில் இருந்தாள். அடைமழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. வீடு முழுக்க ஈரச்சுவரின் வாடை. அந்த முறுக்கல் சத்தம் மட்டும் மெல்ல, விடாமல், மகளின் கட்டிலிலிருந்து வந்தது.

அவர் விதை சேகரிக்கிறவர். கல்லுடைத்து மொட்டையாகிப்போன குன்றுகளில் விதைப்பதற்காக, வறண்ட பாறைச் சரிவுகளில் ஏறி ஊசிப்புல்லின் விதைகளைக் கோணியில் கட்டிக் கொண்டுவருவார். வேர் பிடித்துவிட்டால் வெட்டினாலும் எரித்தாலும் வருஷா வருஷம் தழைக்கிற புல் அது. விதைக்கு நீள வால் உண்டு. ஈரம் பட்டால் வால் முறுக்கிச் சுழல, கூர்முனை துளைத்துக்கொண்டு இறங்கும். பின்பக்கம் சாய்ந்த முள்மயிர் இருப்பதால் இறங்கியது திரும்பாது. இதெல்லாம் தெரிந்த மனுஷன்தான், போன வாரம் புத்தி கெட்டுப்போய், தரையில் நாலைந்து விதைகளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து மகளுக்கு ஆட்டம் காட்டினார். ‘வாலு’ என்று அவர் கூப்பிடும் அவள் வெறுங்காலோடு குதித்துக் கைதட்டினாள். அள்ளும்போது ஒன்று குறைந்தது. எங்கேயாவது கிடக்கும் என்று விட்டுவிட்டார்.

"அப்பா, குதிகால்ல குறுகுறுங்குது."

டார்ச்சைக் கிட்டே பிடித்தார். குதிகாலில் பழுப்பாக ஒரு மயிர். தானாகச் சுற்றியது.

இடுக்கியால் இழுத்தார், வால் ஒடிந்து கையோடு வந்தது. சத்தம் நிற்கவில்லை. இப்போது கணுக்காலுக்கு மேலே கேட்டது.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லையே. நீ ஏன்ப்பா அழுற?"

மனைவிக்குப் போன் போட்டார். "பிள்ளை கால்ல ஊசிப்புல் விதை ஏறிடுச்சு. பாலத்து மேல தண்ணி ஓடுது, ஆம்புலன்ஸ் வராதாம். அழக்கூடாது, வேர்க்கக்கூடாதுன்னு நீயாவது அவகிட்ட சொல்லு."

"என்னங்க உளறுறீங்க? பிள்ளைன்னா அழத்தான் செய்யும். அவகிட்ட குடுங்க."

அம்மாவின் குரல் கேட்டதும் வாலு விசும்பிவிட்டாள். சத்தம் வேகமெடுத்தது. துண்டால் கண்ணைத் துடைத்தார். விசிறினார். அடுப்பருகே உட்காரவைத்தார். வேர்த்தாள். ஐயோ, வேர்த்துக் கொட்டினாள். முழங்கால். தொடை. முதுகு. உடம்பில் ஈரமில்லாத இடம் எது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சட்டென்று நின்றது.

மூச்சு வந்தது அவருக்கு. காய்ந்த துணி எடுக்க உள்ளே ஓடித் திரும்பினார். அடுப்பருகே அவள் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

கொல்லைச் சேற்றில் நின்றிருந்தாள், கணுக்கால்வரை புதைந்து. கழுத்தோரம் பச்சைப் புல்தாள்கள் நாலைந்து முளைத்திருந்தன. காற்றில்லை. அவள் மூச்சுக்கு அசைந்தன.

அள்ளித் தூக்கினார். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். அவள் காலடியிலிருந்து மதில்வரை மண் விம்மி எழுந்தது.

"இழுக்காதப்பா," என்று வீறிட்டு, மதிலடி மண்ணைக் கைகாட்டினாள். "எனக்கு அங்க வலிக்குது."