அறுநூறு ரசகதலி

காலை 6.20. குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மகளின் பிரசவத்துக்காகத் தென்காசி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்துவிட்டு, அகிலாண்டேஸ்வரி தன் தோட்டத்துக்குள் கால் வைத்தாள். கையிலிருந்த தூக்குவாளி நழுவி விழுந்தது.

அறுநூறு ரசகதலி வாழையும் செத்து நின்றன. இலைகள் மஞ்சளாகி, காம்பொடிந்து, தண்டைச் சுற்றி அழுக்குத் துணி போலத் தொங்கின. குலை தள்ள இரண்டே மாதம். புருஷன் போன பிறகு தனியாளாக அவள் போட்ட முதல் வெள்ளாமை.

7.10. அண்ணன் பலவேசம் கடையத்திலிருந்து பைக்கில் வந்தான். ஆறு மாதத்துக்கு முன் தன் வாழையை அழித்துவிட்டு நெல்லுக்கு மாறியவன். வந்த வேகத்தில் பக்கத்துத் தோட்டத்து இசக்கியின் சட்டையைப் பிடித்தான். இசக்கியின் வரப்பில் காலிக் களைக்கொல்லி டப்பா கிடந்தது. வாய்க்கால் தண்ணீருக்காகப் போன மாதம்தான் சண்டை நடந்திருந்தது. வேறென்ன வேண்டும்?

7.45. ஏட்டு சுடலைக்கண்ணு வந்தபோது இசக்கியின் உதடு கிழிந்திருந்தது. அகிலாண்டேஸ்வரியின் புகாரில் அவன் பெயர் ஏறியிருந்தது. சுடலைக்கண்ணு யார் சொன்னாலும் நம்பமாட்டார். எழுதிக் கொடுத்தால் இன்னும் நம்பமாட்டார்.

"ஏட்டையா, எம்மவன் போலீஸ் செலக்ஷன்ல நிக்கான். எம்மேல கேஸ் விழுந்தா அவன் பொழப்பு போச்சு."

"வெசத்த ஊத்தும்போது மவன் நெனப்பு வரலியோ?" என்றான் பலவேசம்.

சுடலைக்கண்ணு வாய்க்கால் ஓரம் குந்தினார்.

"களைக்கொல்லி ஊத்துனா மொதல்ல எது சாவும் அண்ணாச்சி?"

"புல்லு."

"இங்கன பச்சைப்பசேல்னு கெடக்கே. மாடு கட்டலாம் போல."

பலவேசம் வரப்பில் கிடந்த டப்பாவைக் கைகாட்டினான்.

8.30. ஏட்டு போன் போட்டதும் வேளாண்மை அலுவலகத்திலிருந்து கிருபா ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். செத்த வாழையின் கிழங்கைப் பிளந்தாள். உள்ளே செம்பழுப்புக் கோடுகள். ஒரு துணுக்கை நசுக்கிக் குழாயில் இட்டாள். இசக்கி தோட்டத்து நல்ல வாழையின் கிழங்கு இரண்டாவதில். மூன்றாவதில் வெறும் தண்ணீர்.

"மந்திரப் பொட்டியாம்மா?" என்றார் சுடலைக்கண்ணு.

"ஒவ்வொரு பூஞ்சைக்கும் தனி டி.என்.ஏ. இருக்கு சார். வாடல் பூஞ்சை இருந்தா குழாய்ல இருக்க ரோஸ் கலர் மருந்து மஞ்சளாகும். நாப்பது நிமிஷம்."

"தண்ணி எதுக்கு?"

"அதுவும் மஞ்சளானா என் கை சுத்தமில்லைன்னு அர்த்தம்."

தன்னையே சந்தேகப்படுகிற ஆளைச் சுடலைக்கண்ணு அதிகம் பார்த்ததில்லை. பிடித்துப்போயிற்று.

9.20. முதல் குழாய் மட்டும் மஞ்சள்.

"விஷமில்ல சார், நோய். வாய்க்கால்ல வந்திருந்தா மேட்டு வரிசையாவது தப்பிச்சிருக்கும். இது கன்னோட வந்திருக்கு."

"கன்னு யாரு வாங்குனது?"

"எங்கண்ணன்தான்," என்றாள் அகிலாண்டேஸ்வரி. "புனலூர் கன்னுன்னு லாரில வந்துச்சு. வரும்போதே தல வெட்டி, வேரு சீவித்தான் இருந்துச்சு. அத்தனையும் நான்தான் நின்னு எறக்குனேன். டெஸ்ட் பாத்துதான் நடணும்னு சொல்லியிருந்தேன்."

"பாத்தேம்லா!" பலவேசம் லேமினேட் செய்த தாளை நீட்டினான். "டி.என்.ஏ. டெஸ்ட். பூஞ்சை இல்லன்னு போட்டிருக்கு. இவ மண்ணுல கெடந்திருக்கும்."

சுடலைக்கண்ணு கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார்.

"மாதிரி எடுத்தது?"

"நான்தான்."

"எங்கன வச்சு?"

"லாரி வந்து நின்னதும். இங்கனயே."

"இந்தக் கன்னுல இருந்தா?"

"பின்ன?"

"மாதிரி 'இலை'ன்னு போட்டிருக்கே. தல வெட்டுன கன்னுல இலை எங்கன இருந்து வந்துச்சு?"

பலவேசம் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

"இந்த நோய் கிழங்குலதான் இருக்கும்," என்றாள் கிருபா மெதுவாக. "நல்ல வாழை இலையக் குடுத்தா, இல்லைன்னுதான் வரும்."

கொடுத்ததைப் பார்த்து லேப்காரன் உள்ளதைச் சொன்னான். எதிலிருந்து எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

"ஆறு மாசத்துக்கு முந்தி உம்ம வாழைய ஏன் அழிச்சீரு?" சுடலைக்கண்ணு எழுந்தார். "பொட்டிய எடும்மா. கடையம் போயி இவரு மண்ணுல ஒரு பிடி அள்ளிப் பாப்போம்."

பலவேசம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"புனலூர் இல்ல, எந் தோட்டத்துக் கன்னுதான். எல்லாக் கன்னும் கெட்டிருக்காதுன்னு நெனச்சேன். வெளியாளுக்கு வித்தா போலீசுக்குப் போவான். தங்கச்சிதானன்னு..."

அகிலாண்டேஸ்வரி அவனைப் பார்த்தாள். அப்பன் இல்லாத வீட்டில் அவளுக்குக் கல்யாணம் முடித்து வைத்தவன்.

"இந்த மண்ணுல மறுபடி எப்ப ரசகதலி வைக்கலாம்மா?"

"முப்பது வருஷம்கூட ஆகலாம்க்கா," என்றாள் கிருபா.

அகிலாண்டேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயது.

"இசக்கி பேர அடிச்சிருங்க ஏட்டையா," என்றாள். "பலவேசம்னு எழுதுங்க. புகார்ல என் பேருக்கு முன்னால எங்கப்பா பேரு எழுதியிருக்கீங்கள்ளா. அதையே இவனுக்கும் போட்டுக்கிடுங்க."