நாலாவது சீட்

பாத்ரூம்ல சோப்பு வைக்கிற சவர்க்காரப் பெட்டிக்குள்ள அந்த ஊதாப் பட்டி கெடந்ததப் பார்த்ததுமே லோகேஸ்வரி அத வெளிய எடுத்தா. மலேசியாவுல அந்த ராட்டினப் பார்க்குக்குள்ள நுழையிறப்ப ஆளுக்கொன்னு மணிக்கட்டுல மாட்டி விட்டாங்களே, அந்தப் பிளாஸ்டிக் பட்டிதான். ஒரு தடவ பூட்டுனா கத்திரிக்கோல் போட்டாத்தான் கழலும். நேத்து வீடு வந்து சேர்ந்ததும் தன்னோடதையும், புருசன் ஜெயகுமாரோடதையும், மக டிலானியோடதையும் அவளே வெட்டி அடுப்புல போட்டா. பொசுங்குன நாத்தம் இன்னும் குசினிய விட்டுப் போகல. இது வெட்டாத பட்டி. பூட்டுனது பூட்டுனபடி வட்டமா, ஈரமா, உள்பக்கம் செம்மண் அப்பிக் கெடந்துச்சு. தன் கைய அதுக்குள்ள விட்டுப் பார்த்தா. நாலு விரலுக்கு மேல போகல. அப்ப இதக் கழட்டுன கை எம்புட்டு மெலிஞ்சதா இருந்திருக்கணும்?

சும்மா சொல்லக் கூடாது, பயணம் நல்லாத்தான் தொடங்குச்சு. எல்ல டவுன்ல கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற ஸப்ரான் முதலாளி, தன்கிட்ட வருசக் கணக்கா வேன் ஓட்டுற ஜெயகுமாருக்குக் குடும்பத்தோட டிக்கெட் போட்டுக் குடுத்தாரு. எங்க தேயிலத் தோட்டத்துல சுத்திப் பார்க்கன்னே வெளிநாடு போற மொதக் குடும்பம் நாங்கதான்னு வரிசை வீட்டு லயம் லயமா சொல்லிட்டுத்தான் லோகேஸ்வரி ப்ளைட் ஏறினா. போய்ப் பார்த்தா பார்க் இருந்தது ஒரு மலை உச்சியில. அங்கயும் அதே குளிர், அதே மூட்டம், மூஞ்சியில அடிக்கிற அதே தூத்தல். "இதுக்கா கடல் தாண்டி வந்தோம்? நம்ம ஊரு பெரகல சந்தியில ஒரு ராட்டினத்த நட்டு வச்சிருந்தா முடிஞ்சிருக்குமே!"ன்னு அவ சொன்னப்ப டிலானி விழுந்து விழுந்து சிரிச்சா. ஜெயகுமார் சிரிக்கல. அவன் பேய்க் குகைக்குப் போற வழி எதுன்னு போர்டு போர்டாப் பார்த்துக்கிட்டு நின்னான்.

பட்டியக் கையில பொத்திக்கிட்டு அவ வாசல் திண்ணை இஸ்தோப்புக்கு வந்தா. ஞாயித்துக்கிழமை சாயந்தரம். பக்கத்து வீட்டுக் கருப்பம்மா அக்கா மலேசியாச் சாக்லேட் வாங்கிட்டுப் போக வந்து படியில குந்தியிருந்தா.

"குளிக்கிறது யாரு லோகு? விருந்தாடியா?"

"யாருமில்லையேக்கா. அவரு வேன எடுத்துக்கிட்டு பெரகலைக்குப் போயிருக்காரு. பாப்பா இந்தா, முத்தத்துல வெளையாடுது."

"என்னடி சொல்ற? தலைக்கு ஊத்துற சத்தம் கேக்குதே."

ரெண்டு பேரும் காதக் குடுத்தாங்க. முத்தத்து ஓரத்து யூகலிப்டஸ் மரத்துலயிருந்து சொட்டுற தண்ணிக்கும், கீழ் ரோட்டுல கியர் மாத்தித் திணறி ஏறுற லொறிக்கும், எங்கயோ ஒரு நாய் விட்டு விட்டுக் கொலைக்கிறதுக்கும் நடுவுல, வீட்டுக்குள்ளயிருந்து வாளித் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்துற சத்தமும், ஊத்துன தண்ணி ஒரு உடம்புல பட்டுத் தரையில வழியிற சத்தமும் நெசமாவே கேட்டுச்சு. அப்புறம் வாளியக் கவுத்து வைக்கிற சத்தம். கருப்பம்மா சாக்லேட்ட மடியில சொருகிக்கிட்டு எழுந்திருச்சா. "வெளக்கு வைக்கிற நேரமாச்சு, வாறேன்டி"ன்னவ திரும்பிப் பார்க்காம மூட்டத்துக்குள்ள போயிட்டா.

உள்ள போய்ப் பார்த்தா பாத்ரூம்ல ஆள் இல்ல. தரை நனைஞ்சிருந்துச்சு. செம்மண் வாடை மட்டும் தொண்டைக்குள்ள எறங்குற மாதிரி கனமா நின்னுச்சு. இந்த வாடைய அவ அந்தப் பேய்க் குகையிலயும் புடிச்சிருக்கா.

குகைக்குள்ள ஓடுற வண்டிக்கு நாலு சீட். முன்னால அவளும் டிலானியும். பின்னால ஜெயகுமார், அவன் பக்கத்துல ஒன்னு காலி. பொம்மைப் பேயெல்லாம் கத்தி, மேலயிருந்து துணி விழுந்து, புள்ள வீரிட்டு அழுது, பாதி வழியில வண்டி நின்னு போச்சு. வெளிச்சமும் போச்சு. பேய்ச் சிரிப்பு பாதியில அறுந்துச்சு. கண்ணத் தொறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. அந்த இருட்டுல, வெளிநாட்டுல, சிமெந்தும் பெயிண்டும் நாற வேண்டிய எடத்துல, நம்ம மலையோட ஈரச் செம்மண் நாறுச்சு. பின்னால அந்தக் காலி சீட்டோட கம்பி, ஆள் உக்காந்தா மடிக்கு மேல எறங்கிப் பூட்டுற கம்பி, டக்குன்னு பூட்டுச்சு.

"என்னங்க அது?"

"ஒன்னுமில்ல. திரும்பாத."

அவன் குரல்ல பயமே இல்ல.

வெளிய வந்தப்ப அவளுக்குக் கையும் காலும் மரத்துப் போயிருந்துச்சு. தோட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு. ஆத்தோரத்துலயோ கொழுந்து மலையிலயோ யாராவது மெரண்டு போனா, கூட வந்தவங்க அந்த எடத்தப் பார்த்து நின்னு, பேரச் சொல்லி, "வா, வீட்டுக்குப் போவோம்"னு மூணு தரம் கூப்பிடணும். இல்லாட்டி உடம்பு மட்டுந்தான் வீடு வரும், உசுரு அங்கயே நின்னுரும். தன்னத் தானே கூப்பிட்டுக்க முடியாது. மனசாரக் கூப்பிட இன்னொரு ஆள் வேணும்.

"எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுருங்க"ன்னு புருசன்கிட்டச் சொல்லிட்டு அவ ஓரமாப் போய் வாந்தி எடுத்தா. அங்கயிருந்து பார்த்தா, அவன் குகை வாசலப் பார்த்து நிக்கிறதும், வாய் அசையிறதும், கண்ணத் தொடைக்கிறதும் தெரிஞ்சுச்சு. ஆத்தாடி, இந்த மனுசனுக்கு நம்ம மேல இம்புட்டுப் பாசமான்னு அவளுக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. பைத்தியக்காரி.

ஏன்னா அதுக்கப்புறம் அவளுக்கு ஒன்னும் சரியில்ல. தேத்தண்ணி குடிச்சா இனிப்பும் தெரியல, சூடும் தெரியல. புள்ளையக் கட்டிப் புடிச்சாத் தலையணையப் புடிச்ச மாதிரி இருக்கு. களைப்புன்னு நெனைச்சுக்கிட்டா. இப்ப, இந்த ஈரத் தரையில நின்னுக்கிட்டு, அப்படி நெனைக்க முடியல. அந்த நாலாவது சீட்டுல யாரு இருந்தா? அவ போனத் தொறந்தா. அன்னைக்குப் பார்க்குல போன வச்சுக்கிட்டுக் கண்டதையெல்லாம் வீடியோ புடிச்சது டிலானி.

குகைக்குள்ள எடுத்ததுல இருட்டத் தவிர ஒன்னுமில்ல. அடுத்தது வெளிய எடுத்தது. ஜெயகுமாரோட முதுகு. குகை வாசல். அவன் குரல் சுத்தமாக் கேட்டுச்சு.

"டிலானி, வா, வீட்டுக்குப் போவோம்." மூணு தரம்.

அவன் மூச்ச இழுத்து விட்டான். லோகேஸ்வரி தன் பேருக்காகக் காத்துக்கிட்டு நின்னா.

"தனுஜா, வா. வீட்டுக்குப் போவோம்மா."

கல்யாணமாகி இத்தன வருசத்துல அந்தக் குரல்ல அவன் இவளக் கூப்பிட்டதே கெடையாது. மூணு தரம் கூப்பிட்டான். நாலாவது தரமும் கூப்பிட்டான், ஆசைக்கு. அப்புறம் வீடியோ முடிஞ்சிருச்சு. லோகேஸ்வரிங்கிற பேரே அதுல இல்ல.

தனுஜா யாருன்னு கேட்டா, லோகேஸ்வரியோட உசுருத் தோழி. பக்கத்துப் பக்கத்து நெரையில கொழுந்து எடுத்தவ. டிலானி பொறந்தப்ப வீட்டோட வந்து தங்கி, குளிப்பாட்டி, பிரசவச் சரக்கு அரைச்சுக் குடுத்தவ. போன வருச அடைமழையில கீழ் லயத்து மேல மலை சரிஞ்சு வந்துச்சே, அன்னைக்கு மண்ணுக்குள்ள போனவங்கள்ல அவள மட்டும் எடுக்கவே முடியல. ஜெயகுமார் வெறுங்கையால தோண்டுனான். விரல் நகம் பிய்ஞ்சு ரத்தம் கொட்டத் தோண்டுனான். நம்ம சிநேகிதிக்காக இந்தப் பாடு படுறாரேன்னு அழுதுக்கிட்டே அந்த விரலுக்கு மருந்து போட்டு விட்டது லோகேஸ்வரிதான். ஒவ்வொரு விரலா ஊதி ஊதிப் போட்டு விட்டா. அத நெனைச்சப்ப அவளுக்கு அழுகை வரல. உடம்பு பூரா கூசுச்சு. ரெண்டு பேருமாச் சேர்ந்து என்னய எத்தன வருசம் கேனச்சியாக்கியிருக்கீங்க?

வேன் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. மூட்டம் முத்தத்த முழுங்கியிருந்துச்சு. ஜெயகுமார் டிலானியக் கையில புடிச்சுக்கிட்டு உள்ள வந்தான். போன நீட்டுனா. அவன் அத வாங்கக்கூட இல்ல.

"பார்த்துட்டியா."

"எத்தன நாளா?"

"அத விடு லோகு. அவ மண்ணுக்குள்ள தனியாக் கெடந்தா. தெனமும் கனவுல வந்து, எங்கயாவது ஒரு வாசல் தெறந்து கூப்பிடுன்னா. எந்த வாசல்னு தெரியாம இருந்துச்சு. அந்த ஊருப் பேய்க் குகை போர்டப் பார்த்ததும் தெரிஞ்சுச்சு."

"அப்ப நானு?"

அவன் அவள நல்லாப் பார்த்தான். கோவமில்ல. இரக்கமுமில்ல.

"நீதான் கூப்பிடாமலே பின்னால வருவியே."

குசினியில ஒரு கோப்பை நகர்ந்துச்சு. யாரோ அடுப்புக்குப் பக்கத்துல மெதுவா நடந்தாங்க. ஈரக் காலு. ஜெயகுமார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தப்ப அவன் மூஞ்சி மலர்ந்துச்சு.

லோகேஸ்வரி புள்ளையப் பார்த்தா. அவளுக்கு இனி இந்த வீட்டுல வேற என்ன இருக்கு? போனவன் போகட்டும். புள்ள வேணும். புள்ளையத் தொட்டா அந்தச் சூடு கையில தெரியணும். வீட்டுல இன்னும் வெளக்கு ஏத்தல, நேரமிருக்கு. அந்த எடத்துல கூப்பிடத் தவறினாலும், வீடு திரும்பின மறுநா வெளக்கு ஏத்துறதுக்குள்ள சொந்த வாசல்ல நின்னு ரத்த உறவு கூப்பிட்டா உசுரு வந்து சேரும்பாங்க. அவ டிலானிக்கு முன்னால முட்டி போட்டா.

"தங்கம், அம்மா வெளிய போய் நிக்கிறேன். நீ வாசல்ல நின்னுக்கிட்டு, அம்மா வா, வீட்டுக்குப் போவோம்னு மூணு தரம் கூப்பிடு. சரியா? வெளையாட்டு இல்லடா. மனசாரக் கூப்பிடணும்."

புள்ள அப்பனப் பார்த்துச்சு. அவன் தலையாட்டுனான்.

"கூப்பிடு. நான் சொல்லிக் குடுத்த மாதிரி கூப்பிடு."

அந்தப் பேச்ச லோகேஸ்வரி காதுல வாங்காமலே முத்தத்துக்கு ஓடிட்டா. மூட்டம் இடுப்பளவு. குளிரு தெரியல. செருப்பில்லாத காலுல கல்லு தெரியல. ஒன்னும் தெரியல. வாசல்ல டிலானி. பின்னால அப்பன், அவ தோள் மேல கை வச்சுக்கிட்டு. குசினிச் சத்தம் நின்னுருச்சு.

"கூப்பிடும்மா!"

"அம்மா, வா. வீட்டுக்குப் போவோம்."

சின்னக் குரல். நடுங்குச்சு. லோகேஸ்வரி ரெண்டு கையையும் நீட்டுனா. ஆனாப் புள்ள அவளப் பார்க்கல. அவ தோளுக்கு மேல பார்த்துச்சு.

"டிலா... இங்க பாருடா. என்னயப் பாரு."

"அம்மா, வா. வீட்டுக்குப் போவோம்."

அவளுக்குப் பின்னால தண்ணி சொட்டுச்சு. மரத்துத் தண்ணி இல்ல. கிட்டக்க. பிடரிக்குக் கிட்டக்க. வாடை வந்துச்சு.

"அவளக் கூப்பிடாதடா! நான்தான்டா அம்மா!"

டிலானி அழுதுச்சு. அழுதுக்கிட்டே சொல்லுச்சு. "அப்பா இவங்களத்தான் கூப்பிடச் சொன்னாங்க. கூப்பிடாட்டி அப்பாவும் அந்தக் குகைக்கே போயிருவாங்களாம்."

"வேணாம்டா..."

"அம்மா, வா. வீட்டுக்குப் போவோம்."

தோள உரசிக்கிட்டு ஒன்னு போச்சு. ஈரம். எலும்பு. படி ஏறுச்சு. கதவு மூடுச்சு. தாப்பாள் விழுந்துச்சு.

லோகேஸ்வரி கதவத் தட்டுனா. சத்தம் வரல. ஓங்கிக் குத்துனா. சத்தம் வரல. ஜன்னலுக்கு ஓடுனா. உள்ள வெளக்கு ஏத்தியாச்சு. கதிரையில ஒருத்தி, இவளோட கவுனப் போட்டுக்கிட்டு, முதுகக் காட்டி உக்காந்திருந்தா. முடியிலயிருந்து தண்ணி ஓடித் தரையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. டிலானி அவ மடியில. ஜெயகுமார் தேத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தான். டிலானின்னு கூப்பிட லோகேஸ்வரி அடி வயித்துலயிருந்து மூச்ச இழுத்தா.

"ஏன்டி தங்கம் அழுவுற? அம்மாதான் வந்துட்டேனே."

அது அவளோட சொந்தக் குரல். வீட்டுக்குள்ளயிருந்து வந்துச்சு.

புள்ளையோட அழுகை நின்னுச்சு. அந்தக் குரலுக்கு அது அடங்கித்தான் பழக்கம். மூஞ்சிய அந்த மடியில பொதைச்சுக்கிச்சு. கதிரையில இருந்தவ மெதுவாத் திரும்பி ஜன்னலப் பார்த்தா. தனுஜாவோட நெத்தி. தனுஜாவோட கண்ணு, மண்ணு அடைச்சுப் போன கண்ணு. வாய் மட்டும் லோகேஸ்வரியோடது.

வெளிய லோகேஸ்வரி ரெண்டு கையாலயும் தன் மூஞ்சியத் தடவுனா. மூக்குக்குக் கீழ, தாடை வரைக்கும், வெறும் தோல் வழுவழுன்னு போச்சு.